நாலு பாட்டில் பால்

ஆவணி 6, வெள்ளி

சிவமயம்.

உரக்கடையில் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. வரவு செலவுக்கு எனக்கு வேறு நோட்டு உண்டு. தவிடு, பிண்ணாக்கு, விற்ற பால் என்று எழுதுகிற பக்கத்தில் கோமுவைப் பற்றியும் எழுத மனசு வரவில்லை. அவளுக்கு இது இருக்கட்டும். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். மற்றதெல்லாம் கோவில் சுவரில் எழுதியிருப்பதையும் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையும் வாசித்து வந்தது. எழுத்துப் பிழை இருந்தால் கோமு படித்துப் பெரியவளாகித் திருத்திக்கொள்ளட்டும்.

விடியுமுன் எழுந்து தொழுவம் கூட்டி, மாட்டைக் கறந்து, வாசல் தெளித்துக் குளித்து விளக்கேற்றினேன். பதிகம் பாடி முடிகிற வரை கோமு பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டரை வயசு. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வயசில் கற்பூரத் தட்டைத் தட்டிவிட்டு ஓடும். இவள் கோவில் பிள்ளை.

பூசை முடிந்ததும் புற்றுமண் கேட்டாள். சங்கரன்கோவில் கோமதியம்மன் பிரசாதம். ஒரு சிட்டிகை கொடுத்தேன். மிட்டாய் மாதிரிச் சப்பிவிட்டு, மறுபடியும் மண் இருக்கிற சம்படத்தைக் காட்டினாள். ஒன்பது வருசம் அந்த அம்மனிடம் கேட்டு வாங்கிய பிள்ளை. பெயரும் அவள் பெயர்தான். அவள் மண் இவளுக்கு ருசிக்காமல் வேறு யாருக்கு ருசிக்கும்?

ஆவணி 10, செவ்வாய்

காலையில் இட்லி கொடுத்தேன், துப்பிவிட்டாள். மதியம் பருப்புச் சோறு, துப்பிவிட்டாள். பால் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள். ஒரு நாளைக்கு நாலு பாட்டில். கலப்படமில்லாத வீட்டுப் பால். ஆளும் கொழுகொழுவென்றுதான் இருக்கிறாள். பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோறு எதற்கு?

மாடு வாங்கினது கோமுவுக்கு எட்டு மாதம் ஆனபோது. வேண்டாம், நமக்கு எதுக்கு மாட்டுப் பாடு என்றுதான் கோமு அப்பா சொன்னார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை அவர்களுக்கு; மாட்டுப் பக்கமே போனவர்கள் இல்லை. நான்தான் கம்மலை அடகு வைத்து வாங்க வைத்தேன்.

கோமு அப்பாவுடைய அக்காள் தாயம்மாள் மதினி எதிர்வீட்டில்தான் இருக்கிறார்கள். நாலு பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுத்தவர்கள். மாடு வந்து இறங்கின அன்றைக்குத் தெருவில் நின்றுகொண்டு, “மடியில பாலில்லாதவ மாட்டைக் கொண்டாந்து கட்டிட்டா” என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது முடிந்துபோன பேச்சு. எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆவணி 15, ஞாயிறு

சங்கரன்கோவில் போய் வந்தோம். வீட்டில் புற்றுமண் தீர்ந்துபோயிருந்தது.

சந்நிதிக்கு வெளியே கோமுவை இறக்கிவிட்டு அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போனேன். திரும்பி வந்தால், புற்று மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், “ஆத்தாளே வந்து உக்காந்திருக்கா பாருங்க” என்று சொல்லி அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு இன்னும் என்ன கேட்க?

கோமு அப்பாவுக்கு அதில் சந்தோசம் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவிலுக்கும் கோவிலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் அவர்கள்தான் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பிள்ளை ஏன் பத்தடி நடந்ததும் உக்காந்துக்கிடுதா, மூச்சு ஏன் இப்படி வாங்குதா என்று பஸ்ஸில் கேட்டார்கள். வெயில் என்றேன்.

ஆவணி 18, புதன்

மாடு தீவனம் எடுக்கவில்லை. உடனே மாட்டு டாக்டரை வரச் சொன்னேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். கோமு நாள் முழுக்கத் தூக்கம்.

ஆவணி 26, வியாழன்

அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். இருக்க வேண்டியதற்கு மேலேயே இருக்கிறாள். ஸ்டெல்லா டீச்சர் அட்டையில் குறித்தார்கள். மற்ற அம்மாமார் எல்லாம் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு டீச்சர் கோமுவை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய் கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்த்தார்கள். நகத்தை அமுக்கிப் பார்த்தார்கள். “அக்கா, பிள்ளை வெளுப்பா இருக்கா. பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாத்துருங்க” என்றார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சிவப்பு என்றேன். “சிவப்பு வேற, வெளுப்பு வேற அக்கா” என்றார்கள்.

எல்லோர் கண்ணும் பட்டிருக்கிறது. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வரவே இல்லை. அவ்வளவு கண்.

கோமு அப்பாவிடம் சொல்லவில்லை. கடை வேலையோடு இருக்கிறவர்களுக்கு இது எதற்கு?

ஆவணி 29, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கோமுவைக் காணோம். தொழுவத்தில் இருந்தாள். சுவரில் வெள்ளையடித்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். வாய் முழுக்க வெள்ளை. அந்த இடம் இரண்டு கை அகலத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. இன்று மட்டும் தின்றதில்லை அது.

புற்றுமண் என்றால் பிரசாதம். தொழுவத்துச் சுண்ணாம்பை என்னவென்று எழுத?

டீச்சர் சொன்னதைக் கோமு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் மூணு நாளா சொல்லலே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புரட்டாசி 1, புதன்

தென்காசி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். கோமு அழக்கூட இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்த அளவு பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டியது ஆறு புள்ளி ஒன்று இருக்கிறதாம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். காலையில் எழுந்ததிலிருந்து பிள்ளை என்னென்ன குடிக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாலு பாட்டில் பால் என்றேன். நடுச்சாமத்தில் குடிப்பதைச் சொல்லவில்லை. அது தூக்கத்தில் குடிப்பது, அதை எப்படிக் கணக்கில் சேர்க்க? சாயங்காலம் அப்பா டம்ளரில் டீ குடிப்பாள் என்று கோமு அப்பாவே ஒத்துக்கொண்டார்கள். கடை முடிந்து வரும்போது வாங்கி வருகிற ஜூஸ் பாக்கெட்டையும் சொன்னார்கள்.

பால் எப்படிக் கெடுதல் ஆகும் என்று கேட்டேன். பால் கெடுதல் இல்லை என்றார் டாக்டர்.

“ரத்தம் ஊறுறதுக்கு வேண்டிய இரும்புச் சத்து பால்ல கிடையாதும்மா. வயிறு பூராப் பாலா இருந்தா சோத்துக்கு எங்க இடம்?”

அதற்குப் பிறகு, மண், சாம்பல், சுண்ணாம்பு ஏதாவது தின்கிறாளா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமு அப்பாதான், சாமி மண் தின்பாள், மூன்று நாளைக்கு முன்னால் சுண்ணாம்பும் தின்றாள் என்றார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தம் குறைந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் நாக்கு தேடுமாம். மண் தின்றதால் வெளுப்பு வரவில்லையாம். வெளுப்பு வந்ததால்தான் மண்ணைத் தேடுகிறாளாம்.

சங்கரன்கோவிலில் அவள் காலைத் தொட்ட அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன்.

சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பால் சின்ன டம்ளரில் இரண்டு வேளைக்கு மேல் கூடாது. பாட்டிலே கூடாது. டீ, ஜூஸ், கலர் சோடா எதுவும் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர். ரத்தம் ஏறவில்லை என்றால் திருநெல்வேலியில் சேர்த்து ஊசி வழியாக ரத்தம் ஏற்ற வேண்டிவரும். டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

புரட்டாசி 3, வெள்ளி

சம்படத்தைப் பரணில் வைத்தேன். இனி அம்மன் மண் நெற்றிக்கு மட்டும்.

டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். தட்டிவிட்டாள். சோறு கொடுத்தேன். தட்டிவிட்டாள். பாட்டில் கேட்டு அழுது அழுது மூச்சு முட்டிவிட்டது. உதடு நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு பாட்டில் கொடுத்தேன். பட்டினியாகப் போட்டால் ரத்தம் ஏறிவிடுமா?

சொட்டு மருந்தை நாக்கில் விட்டால் துப்புகிறாள். பாலில் கலந்தேன். தெரியாமல் குடித்துவிட்டாள். மருந்து உள்ளே போனால் சரிதானே.

புரட்டாசி 9, வியாழன்

மருந்து சாப்பிட்டால் வெளிக்கிருப்பது கறுப்பாகப் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படி ஒன்றும் போகவில்லை. நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

புரட்டாசி 17, வெள்ளி

ஆறு புள்ளி மூன்று.

மருந்தை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாலில் கலந்து என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பால் சேர்ந்தால் மருந்து உடம்பில் ஒட்டாதாம். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காய்ச் சாறோ சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். பாலுக்கும் மருந்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டுமாம். முதலிலேயே சொல்லியிருப்பார்கள். நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இன்னும் நாலு வாரம் பார்ப்போம், அப்போதும் ஏறவில்லை என்றால் திருநெல்வேலிதான் என்றார்.

 வீட்டுக்கு வந்து, கோமு அப்பா கையில் பிடித்திருந்த காயில் வார்னிஷை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டே, “எத்தனை பாட்டில் உலகு, உண்மையிலே?” என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆறு என்றேன். சில நாள் ஏழு.

அதற்கும் அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். திட்டாததால் என் வாயில் வந்துவிட்டது.

“அந்தப் பாலையும் நிறுத்திட்டா, எங்கிட்ட அவளுக்குக் குடுக்க வேற என்ன இருக்கு?”

அவர்கள் கையைத் தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

“சோறு இருக்குல்லா,” என்றார்கள்.

பிறகு போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். மாடு வாங்கின நாளிலிருந்து அவர்கள் அதைச் செய்தது இதுதான் முதல் தடவை.

புரட்டாசி 18, சனி

காலையிலிருந்து கோமு பாட்டிலுக்கு அழுகை. தெருவே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றுவதா வேண்டாமா என்று நின்றேன்.

தாயம்மாள் மதினி உள்ளே வந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. என் கையிலிருந்ததைப் பிடுங்கி, அலமாரியிலிருந்த இரண்டையும் எடுத்து முந்தியில் கட்டிக்கொண்டார்கள்.

“ஏட்டி, நான் என்னைக்கோ சொன்ன சொல்லுக்கா பிள்ளைய இப்படிப் பாலை ஊத்தி ரொப்பிக்கிட்டு இருக்கே?” என்றார்கள்.

 மதினி பதிலுக்கு நிற்கவில்லை. படி இறங்கும்போது, “பாட்டில் எங்க வீட்லதான் இருக்கு. வேணும்னா அவளே வந்து கேக்கட்டும். ஏச்சை நான் வாங்கிக்கிடுதேன்” என்றார்கள்.

அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் இப்படி நுழைவது என்ன பழக்கம்? இனி மதினியோடு பேசப்போவதில்லை.

கோமு சாயங்காலம் எதிர்வீட்டு வாசல் வரைக்கும் நடந்தாள். பாட்டிலுக்காகத்தான். வெறுங்கையோடு தூக்கி வந்தேன்.

புரட்டாசி 24, வெள்ளி

பாட்டில்களைத் திருப்பி வாங்கிவர இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

தண்ணீர் குடிக்கப் பழகுவதற்கே நாலு நாள் ஆனது. என் டம்ளரில் கொடுத்தால் குடிக்கமாட்டாள். பூசைக்கு வைத்திருந்த சின்னச் செம்பில் கொடுத்தேன், குடித்தாள். அம்மன் கோபிக்கமாட்டாள். பூசைக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

பழைய சோற்று நீராகாரத்தில் இரண்டு கல் உப்புப் போட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி கேட்டாள். மதியம் நீர்மோர் கொஞ்சம். இளநீர் கிடைத்த அன்றைக்கு இளநீர். பானகம் கேட்டாள், வெள்ளிக்கிழமைப் பிரசாதத்துக்குக் கரைத்ததில் ஒரு மடக்கோடு சரி. அதிலும் இனிப்புத்தானே இருக்கிறது. பால் இரண்டு சின்ன டம்ளர், அதுவும் சாப்பிட்ட பிறகு. மருந்துக்கு எலுமிச்சைச் சாறு. புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறாள். பல்லில் கறை பிடிக்காமல் இருக்க உடனே வாய் கொப்புளிக்க வைக்கிறேன். கொப்புளித்த தண்ணீரை என் மேல்தான் துப்புகிறாள்.

முட்டை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை. அப்படியானால் கீரை, பயறு, உளுந்து, கேப்பை என்றார். முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து பருப்பில் போட்டேன். நாலு வாய். உளுந்தங்களி உருட்டிக் கொடுத்தேன். ஒரு உருண்டை முழுசாகத் தின்றாள். கறுப்பாகவும் போகிறது. இதையெல்லாம் எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கோமு அப்பா இப்போது வீட்டில் டீ குடிப்பதில்லை. டம்ளரைப் பார்த்தாலே மடியில் ஏறிவிடுகிறாள். “கள்ளுக் குடிக்கவன் மாதிரி ஒரு டீக்குக் கடைக்கு ஒளிஞ்சு போக வேண்டியிருக்கு” என்கிறார்கள். ஜூஸ் பாக்கெட் வருவதில்லை. அதற்குப் பதில் கொய்யாப்பழம் வருகிறது.

விற்கிற பால் கூடியிருக்கிறது. அதை அந்த நோட்டில் எழுதிவிட்டேன்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். முன்பெல்லாம் தலை சாய்ந்து என் மேலேயே தூங்கிவிடுவாள். இன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். பிடித்துக் குளிப்பாட்டி முடிக்கையில் என் இடுப்பு விட்டுப்போயிற்று.

மதினி வீட்டு அத்தான் ஆரஞ்சுக் கலர் பாட்டில் வாங்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். கோமுவுக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று எப்படிச் சொல்ல என்று நான் தயங்கினேன். அதற்குள் மதினி அந்த டம்ளரை வாங்கித் தானே குடித்துவிட்டு, “எனக்கு ஏப்பம் வரணும்லா” என்றார்கள்.

மதினிக்கு அதிரசம் கொடுத்துவிட்டேன். பேசவும் வேண்டியதாயிற்று. பண்டிகை நாளில் பேசாமல் இருந்தால் பார்ப்பவர்கள் தப்பாக நினைப்பார்கள்.

ஐப்பசி 13, வியாழன்

நாளைக்கு ஆஸ்பத்திரி. சஷ்டி விரதம் இந்த வருசமும் இருந்து முடித்தேன். திருநெல்வேலிக்குப் போக வேண்டிவந்தால் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று யோசித்துவிட்டு, ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தால் போக வேண்டிவந்துவிடும் என்று ஒரு பயம்.

ஐப்பசி 14, வெள்ளி

எட்டு புள்ளி ஒன்பது.

ஊசி குத்தும்போது கோமு அந்த நர்சம்மா கையைக் கடித்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். டாக்டர், “கடிக்கட்டும்மா, கடிக்கத் தெம்பு வந்திருக்குல்ல” என்றார். திருநெல்வேலி வேண்டாம். மருந்தை மட்டும் இன்னும் மூன்று மாதம் நிறுத்தக் கூடாது. கோமு அப்பா வெளியே போய் வராந்தாவில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார்கள். கண்ணில் தூசி என்றார்கள்.

பஸ் கிடைக்க நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து நான் கால் கழுவி முடிப்பதற்குள் கோமு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, பசிக்கு.”

எனக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. அந்தச் சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. எப்படி வரும்? சிணுங்குமுன் பாட்டிலை வைத்துவிடுவேன். அந்தச் சொல் வரைக்கும் அவளை நான் போகவிட்டதே இல்லை.

சோறு இல்லை. காலையில் வடித்ததைக் கட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியிலேயே காலி செய்திருந்தோம். அவளுக்கு மட்டும் சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு கை அரிசி களைந்து போட்டேன். அது வேகிற வரைக்கும் பொறுக்கவில்லை. தரையில் உருண்டு அழுதாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே காலைப் பால் காய்ச்சி ஆடை படிந்து இருக்கிறது. ஒரு டம்ளர் ஊற்றினால் வீடு அமைதியாகிவிடும். என் கை பாத்திரம் வரைக்கும் போனது. தட்டை எடுத்து அதை மூடினேன்.

“அரிசி வேகுது கண்ணு. பாரு, கொதிக்கு பாரு” என்று இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பைக் காட்டினேன். என் தோளில் அடித்து அடித்து அழுதாள். நல்ல அடி. இவ்வளவு பலம் அவளுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது.

வடித்து, விசிறி ஆற்றி, பருப்பும் கீரையும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுப் பிசைந்தேன். தட்டை வைப்பதற்குள் அவளே கையை விட்டு அள்ளினாள். கன்னம், மூக்கு, சட்டை எல்லாம் சோறு. நான் ஊட்டப் போனால் என் கையைத் தள்ளிவிடுகிறாள்.

கோமு அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்று, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு இருக்கா?” என்றார்கள்.

“அவ மிச்சம் வச்சா உண்டு” என்றேன்.

வைக்கவில்லை. அவர்களுக்கு மறுபடியும் உலை வைத்தேன்.